கத்தரியை எடுக்கும் முன்

அன்புள்ள தம்பி,

அடுத்த ஜூலையில் ஜான் மியூர் தடத்தில் நடக்கப் போவதாகவும், உன் தூவி ஸ்லீப்பிங் பேக்கை வெட்டி, முதுகுப் பக்கம் இல்லாத குவில்ட் ஆக்கக் கத்தரியோடு உட்கார்ந்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். படித்ததும் சந்தோஷம், கொஞ்சம் பயமும். கத்தரியை இப்போதைக்குத் தள்ளி வை.

உன் யோசனையில் தவறில்லை. தூவிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. அது பிடித்துவைக்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. முதுகுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் தூவியில் காற்று ஏது? தரையின் குளிரைத் தடுப்பது கீழே விரிக்கும் மேட்தான். விண்வெளித் துறையில் பொறியாளராக இருந்த ரே ஜார்டின் இந்தக் கணக்கை 1990களில் அமெரிக்க நடைக்காரர்களிடம் பரப்பினார். மனைவி ஜென்னியோடு, 4,200 கிலோமீட்டருக்கும் நீளமான பசிபிக் கிரெஸ்ட் தடத்தை 1987, 1991, 1994 என மூன்று முறை நடந்தவர். அவர்கள் தாங்களே தைத்த குவில்டில் இருந்தது தூவி அல்ல, செயற்கைப் பஞ்சு. ஆனால் தத்துவம் ஒன்றுதான்.

ஆனால் பை மூடியிருந்ததற்கும் ஒரு வேலை இருந்தது. நீ புரண்டபோதெல்லாம் அதுவும் கூடவே புரண்டு, குளிர்காற்றை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டது. வெட்டிய பிறகு அந்த வேலை உன் தையலுக்கு வந்து சேரும். நான் முதலில் என் பையை வெட்டியபோது இதை நினைக்கவில்லை. எடை குறையக் குறைய ஆசை கூடி, தோளிடத்தில் 115 சென்டிமீட்டர்தான் விட்டேன். நான் ஒருக்களித்துப் படுப்பவள். டுவாலமி மெடோஸில், 2,600 மீட்டர் உயரத்தில், ஓர் ஆகஸ்ட் இரவு, திரும்பும்போதெல்லாம் முதுகுத்தண்டு நெடுகக் குளிர் இறங்கியது. இருந்த துணியையெல்லாம் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அதனால் பத்து இரவு ஜிப்பைத் திறந்து, பையைப் போர்வையாக மேலே போட்டுத் தூங்கு. எந்தப் பக்கம் திறந்துகொள்கிறது, உன் தோளுக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று அதுவே சொல்லும். மல்லாந்து படுப்பவனுக்குக் குறைவாகவே போதும். ஒருக்களித்துப் படுப்பாயானால் 135-க்குக் கீழே போகாதே.

பிறகு பையை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார். தூவி இருக்கும் குறுக்கு அறைகள் பக்கவாட்டில் அடைபடாமல் சுற்றிவர ஓடினால் நீ அதிர்ஷ்டசாலி. முதுகுப் பக்கத் தூவியை உள்ளங்கையால் மெல்லத் தட்டித் தட்டி மார்புப் பக்கம் கொண்டுவந்துவிடலாம். பக்கத்தில் தையல் போட்டு அடைத்திருந்தால் தூவியைக் கையால் எடுத்துத்தான் மாற்ற வேண்டும். குளியலறையில், கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கையை ஈரமாக்கிக்கொண்டு செய்.

வெட்டும் இடத்தில் முதலில் தை, அப்புறம் வெட்டு. ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வரி தையல் ஓட்டி, நடுவில் கத்தரி வை. தைக்குமுன் அந்தக் கோட்டிலிருந்து தூவியை இருபுறமும் ஒதுக்கிவிடு. 70-ஆம் எண் ஊசி, பாலியெஸ்டர் நூல். குண்டூசி குத்திய ஒவ்வோர் ஓட்டையிலும் தூவி கசியும். அவசியமானால் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் மட்டும் குத்து, எப்படியும் அது வெட்டுப்படும் இடம்தானே. நான் தைக்காமலே வெட்டினேன். ஹீட்டர் காற்றில் தூவி கூடம் முழுக்கப் பறந்தது. ஒரு பறவையின் மார்பில் இருந்தது அது. அப்படிச் சிதறவிட்டதை நினைத்தால் இன்றும் மனம் கேட்பதில்லை.

பையின் தலைப்பக்கத் தொப்பியைப் பிரித்தெடுத்தால் அதிலுள்ள தூவியைத் தூக்கிப் போட்டுவிடாதே. பையில் 800 என்று போட்டிருந்தால், 28 கிராம் தூவி 800 கன அங்குலத்தை நிரப்பும், ஏறத்தாழ 13 லிட்டர். தொப்பியிலிருந்து 20 கிராம் கிடைத்தாலே ஒன்பது லிட்டருக்கு மேல் காற்றைப் பிடிக்கும். மார்பின் மேல் வரும் அறைகளில் அதைச் சேர். தலைக்குத் தனியாகக் கம்பளித் தொப்பி எடுத்துக்கொள். தலையை மறந்துவிட்டுக் குவில்டைக் குறை சொல்பவர்கள் நிறைய.

மீதி வேலை எளிது. காலடியில் 50 சென்டிமீட்டர் மூடியே இருக்கட்டும். வெட்டிய ஓரத்தை ரிப்பன் வைத்து மடித்து அடி. கழுத்தில் நாடாவும் ஓர் அழுத்துப் பட்டனும். மேட்டோடு சேர்த்துப் பிடிக்க இரண்டு எலாஸ்டிக் பட்டை, அவை கிராம் கணக்கில்தான் வரும். தயவுசெய்து அதில் மிச்சம் பிடிக்காதே. என் பையில் ஜிப்பும் தொப்பியும் முதுகுத் துணியும் போய் 210 கிராம் குறைந்தது. இரண்டாவது குவில்டில் அதில் 60 கிராமை அகலத்துக்கும் பட்டைக்கும் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் மலையில் நன்றாகத் தூங்கினேன்.

பத்து இரவும் முடிந்ததும் தோள், இடுப்பு, கால் மூன்று இடத்து அகலத்தையும் எழுதி அனுப்பு. நான் பார்த்த பிறகு வெட்டலாம்.

அன்புடன்,
அக்கா