படம் பார்த்து முதல் பிரெஞ்சு

கேள்வி: பாரிஸ் புறநகர் லா கூர்நெவில் வசிக்கிறோம். மகளுக்கு இந்த ஆண்டு மூன்று வயது நிறைகிறது. செப்டம்பரில் எக்கோல் மத்தெர்னெல் எனும் மழலையர் பள்ளிக்குப் போகவேண்டும். வீட்டில் தமிழ்தான். படப் புத்தகத்தைக் காட்டி, பிரெஞ்சுச் சொல்லும் தமிழ்ப் பொருளுமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். சிறிது நேரத்தில் எழுந்து ஓடிவிடுகிறாள். என் உச்சரிப்பும் சரியில்லை. பிழையாகவே படிந்துவிடுமோ? வீட்டில் தமிழைக் குறைத்துக்கொள்ளவா?
— ஒரு தாய்

பதில்: தமிழைக் குறைக்கவே குறைக்காதீர்கள், அம்மா. பூனையைத் தமிழில் நன்றாக அறிந்த குழந்தைக்கு அதன் இன்னொரு பெயர் எளிதில் ஒட்டிக்கொள்ளும். 'பூனை எங்க ஒளிச்சிருக்கு? வாலைப் பிடிச்சா என்ன செய்யும்?' என்று படத்தை வைத்துக் கதை பேசுங்கள். அந்தப் பேச்சின் நடுவே 'லெ ஷா' என்று பூனையைத் தொட்டுக் காட்டுங்கள். திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள். அவளை எழுந்து ஓடவைப்பது அந்தப் பரீட்சைதான்.

சொல்லை ஒருபோதும் தனியாகக் கொடுக்காதீர்கள். பிரெஞ்சில் பொருள்களுக்கும் ஆண்பால் (லெ), பெண்பால் (லா) உண்டு. ஆப்பிள் 'லா போம்', நிலா 'லா லூன்', பூனை 'லெ ஷா'. வெறும் 'போம்' என்று பழகினால், லெ-யா லா-வா என்று பின்னால் தனியாக மனப்பாடம் செய்யவேண்டி வரும். கரடியில் இன்னொரு சிக்கல். 'ஒரு கரடி' என்பதை 'அன் நூர்ஸ்' என்று கேட்டு, 'ஊர்ஸ்' எனும் பெயரே 'நூர்ஸ்' என்று பிரெஞ்சுக் குழந்தைகள்கூட நினைத்துக்கொள்வதுண்டு. 'லூர்ஸ்' என்றும் சேர்த்துச் சொன்னால் காது தானே பிரித்துக்கொள்ளும்.

எழுத்தைக் காட்டவேண்டாம். 'ஷா'வில் கடைசி எழுத்து ஒலிப்பதே இல்லை, பார்த்தால் குழம்புவாள். வாசிப்புக்கு ஆறு வயதில் சே பே எனும் முதல் வகுப்பு இருக்கிறது.

உச்சரிப்பை எண்ணிக் கலங்காதீர்கள். நாள் முழுக்க ஆசிரியையிடமும் தோழர்களிடமும் கேட்கும் ஒலிதான் இந்த வயதில் நிலைக்கும். 'லூன்' சொல்லும்போது உதட்டை 'ஊ' என்று குவித்துக்கொண்டு, வாய்க்குள் 'ஈ' சொல்லிப் பாருங்கள், ஏறக்குறைய வந்துவிடும்.

எந்தப் படங்கள்? பிரெஞ்சுக் குழந்தைகளும் 'இமாஜியே' எனும் படப் புத்தகத்தில்தான் தொடங்குகிறார்கள். நகர நூலகத்தில் கிடைக்கும். ஆனால் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் அவளுக்கு இப்போது அவசரமில்லை. முதல் வாரத்தில் வகுப்பில் தேவைப்படுபவை தண்ணீர், மேலங்கி, சப்பாத்து, கழிவறை. கூடவே அவள் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை, அதாவது 'லெ தூதூ'. இவற்றை உங்கள் வீட்டிலேயே படமெடுத்து ஒட்டுங்கள். 'லோ', 'லெ மான்ட்டோ', 'லே ஷொஸ்ஸூர்', 'லே துவாலெத்' என்று அந்தந்த நேரத்தில், கோட்டு மாட்டும்போதும் தண்ணீர் ஊற்றும்போதும் சொல்லுங்கள்.

பள்ளி தொடங்கிச் சில மாதங்கள் வகுப்பில் வாய் திறக்காமல் இருக்கலாம். அந்த மௌனத்தில் அவள் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருப்பாள், வற்புறுத்தவேண்டாம். வீட்டில் தமிழிலும் பேச்சு வராமலிருந்தால் மட்டும், உங்கள் பகுதி பே எம் ஈ எனும் தாய்-சேய் நல நிலைய மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள்.