அடிச்சுவடு கூறும் செய்தி

காட்டில் வாழும் விலங்குகளை நேரிற் காண்பது எளிதன்று. மனிதரின் வாடை பட்ட அளவில் அவை புதரினுள் மறைந்துவிடும். ஆயினும், தாம் நடந்து சென்ற வழியை மறைக்க அவற்றால் இயலாது. ஆற்றோர மணலிலும், ஈரம் உலராத சேற்றிலும், வண்டிப்பாதையின் புழுதியிலும் அவற்றின் அடிச்சுவடுகள் பதிந்து கிடக்கும். அவற்றைப் படித்தறிவதும் ஒரு கல்வியே ஆகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்போர் நான்கு விரலும் ஓர் உள்ளடியும் பதிந்த சுவட்டைக் கண்டால், அது நாயினதோ சிறுத்தையினதோ என ஆராய்வர். நாய் தன் நகங்களை உள்ளிழுக்க மாட்டாது. ஆதலின் விரல்நுனிக்கு முன்னே நகக்குறி தோன்றும். புலியும் சிறுத்தையும் நடக்குங்கால் தம் உகிர்களை உறையிலிட்ட வாள்போல் உள்ளடக்கிக்கொள்ளும்; ஆதலின் நகக்குறி தோன்றாது. இவ்வேறுபாட்டை அறிந்தவர் வீணே அஞ்சார். அஞ்சவேண்டிய இடத்து அசட்டையாகவும் இரார்.

கரடியின் பின்காற் சுவடு மனிதர் அடியை ஒத்திருக்கும். விரல்களுக்கு முன்னே நீண்ட நகக்குறிகள் காணப்படுவதால் ஐயம் நீங்கும். மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் பிளவுபட்ட குளம்புகள் உண்டு. மானின் சுவடு முன்புறம் கூர்மையானது. பன்றியின் சுவடோ நுனி மழுங்கி, பின்னே சிறுகுளம்புகளின் குறியும் உடையது. யானையின் முன்காற் சுவடு வட்டமாகவும், பின்காற் சுவடு நீள்வட்டமாகவும் இருக்கும். முன்காற் சுவட்டின் சுற்றளவை இரட்டித்தால் அவ்யானையின் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும்.

எனினும், சுவட்டைப் படிப்போர் பிழைபடுதலும் உண்டு. 1972ஆம் ஆண்டில் இந்தியாவெங்கும் புலிகளைக் கணக்கிட்டபோது அடிச்சுவடுகளையே சான்றாகக் கொண்டனர். சுவட்டின்மேற் கண்ணாடியை வைத்து அதன் வடிவை வரைந்து, ஒரு புலியை மற்றொன்றினின்றும் பிரித்தறிய முயன்றனர். ஆனால் ஒரே புலியின் அடி, சேற்றில் ஒருவகையாகவும் புழுதியில் வேறுவகையாகவும் பதியும். அதனால் ஒன்றைப் பலவாக எண்ணும் பிழைக்கு இடமுண்டாயிற்று. இராசத்தான் மாநிலத்துச் சரிஸ்காக் காட்டிற் புலிகள் உள்ளன என்றே கணக்குகள் கூறிவந்தன. 2005ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது அங்கே ஒரு புலியும் இல்லை. கள்ள வேட்டையாடுவோர் அவற்றைக் கொன்றொழித்திருந்தனர். இதன்பின், தானே படம்பிடிக்கும் கருவிகளைக் காட்டில் அமைத்து, உடற்கோடுகளால் புலிகளைப் பிரித்தறியும் முறை 2006 முதல் நாட்டுக் கணக்கெடுப்பிற் கைக்கொள்ளப்பட்டது.

ஆதலின், சுவட்டைக் கண்டவுடன் முடிவு கூறலாகாது. விரல், நகம், அளவு, நிலத்தின் தன்மை ஆகிய யாவற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். பொறுமையோடு நோக்குவார்க்கே நிலம் தன் செய்தியை உள்ளவாறு உரைக்கும்.