பிழை பொறுக்கும் களம்

நுழையும்முன்

நீரில் இறங்காமல் நீந்தக் கற்க இயலாது. ஆனால், வானூர்தியையோ விண்கலத்தையோ முதல் நாளிலேயே இயக்கிப் பழக இயலுமா? அங்கே பிழை செய்யாமல் கற்க முடியாது. பிழை செய்தால் பிழைக்க முடியாது. இந்த முரணுக்கு மனிதர் கண்ட விடைகளுள் ஒன்று பாவனையாக்கம்.

தரையில் பறந்த ஊர்தி

உண்மைச் சூழலின் இயல்புகளைக் கணக்கீடுகளாக மாற்றி, அதைப் போலவே கணினியில் இயங்கச் செய்வது கணினிவழிப் பாவனையாக்கம் ஆகும். இதனைச் சிமுலேஷன் என்றும் வழங்குவர். இதன் கரு கணினிக்கு முன்பே தோன்றியது. அமெரிக்கரான எட்வின் லிங்க், தம் தந்தையின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையில் கற்ற காற்றழுத்த நுட்பத்தைக் கொண்டு, 1929இல் வானோட்டிப் பயிற்சிக் கருவியை உருவாக்கினார். தரையில் நின்றவாறே அது சாய்ந்தது, திரும்பியது. தொடக்கத்தில் படையினர் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. 1934இல் அஞ்சல் சுமந்து மோசமான வானிலையில் பறந்த படை வானோட்டிகள் பலர் உயிரிழந்த பின்னரே, அமெரிக்கப் படை அக்கருவியை வாங்கியது. பின்னாளில் காற்றுத் துருத்தியின் இடத்தைக் கணினி பெற்றது.

ஒத்திகையில் நேர்ந்த பிழை

1969 ஜூலைத் தொடக்கத்தில், ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் நிலவில் இறங்கும் ஒத்திகை நடைபெற்றது. பயிற்சிக் குழுவினர், கலத்தின் கணினி ஓர் எச்சரிக்கைக் குறியீட்டைக் காட்டும்படி செய்தனர். வழிகாட்டல் பொறுப்பிலிருந்த இளம் பொறியாளர் ஸ்டீவ் பேல்ஸ், இறங்குவதைக் கைவிடுமாறு கூறினார். ஒத்திகை முடிந்ததும், அம்முடிவு தவறு எனப் பயிற்சிக் குழு சுட்டிக்காட்டியது. கணினியின் வேலைப்பளு மிகுந்ததை மட்டுமே அக்குறியீடு உணர்த்தியது. இன்றியமையாத பணிகளைக் கணினி தொடர்ந்து செய்துகொண்டுதான் இருந்தது.

இயக்குநர் ஜீன் கிரான்ஸ், எச்சரிக்கைக் குறியீடுகள் அனைத்தையும் ஆராயுமாறு பணித்தார். ஜாக் கார்மன் என்னும் பொறியாளர் அவற்றுக்குரிய செயல்முறைகளைப் பட்டியலிட்டுக் கையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். திடீரென 1202 என்னும் எச்சரிக்கை தோன்றியது. சிந்திக்கக் கிடைத்தவை சில நொடிகளே. கார்மன் பட்டியலைக் கண்டு தெளிந்தார். பேல்ஸ், தொடரலாம் என்றார். கலம் நிலவில் இறங்கியது. ஒத்திகையில் செய்த பிழையே உண்மைக் களத்தில் வழிகாட்டியது.

பாவனையின் எல்லை

பாவனையாக்கம் நாம் அதற்குள் இட்டதை மட்டுமே அறியும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் புறப்பட்ட விமானத்தின் இரு இயந்திரங்களும் பறவைகள் மோதியதால் ஆற்றல் இழந்தன. விமானி சல்லன்பெர்கர் அதனை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் உயிர் பிழைத்தனர். பின்னர் நடந்த விசாரணையில், பாவனைக் கருவியில் உடனே திரும்பிய விமானிகள் சிலரால் விமான நிலையத்தை அடைய முடிந்தது. ஆனால், நிலைமையை உணர்ந்து முடிவெடுக்க மனிதருக்குத் தேவைப்படும் நேரமாக 35 நொடிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அடைய முடியவில்லை. ஆற்றில் இறக்கிய முடிவின் தகுதி அப்போது விளங்கியது. மனிதரின் தயக்கத்தைக் கணக்கில் கொள்ளாத பாவனை முழு உண்மையைக் கூறாது.

நிறைவாக

கருவி பிழையைப் பொறுத்துக்கொள்ளும். அப்பிழையிலிருந்து தானே பாடம் கற்பிக்காது. 'ஏன் தவறினோம்?' என்று ஒத்திகைக்குப் பின் வினவுபவரே கற்கிறார். ஹூஸ்டனில் நிலவுப் பயணத்தைக் காத்தது கருவி மட்டுமன்று. பிழையை மறைக்காமல் ஏற்று, அதனை ஆராய்ந்த மனிதரின் நேர்மையும் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. ஒத்திகையில் எவரும் பிழையைச் சுட்டிக்காட்டாதிருந்தால் நிலவுப் பயணத்தில் என்ன நேர்ந்திருக்கும்? வகுப்பில் கலந்துரையாடுக.

2. தேர்விலோ விளையாட்டிலோ நீங்கள் செய்த பிழை ஒன்று பின்னர் உதவியதைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.