கரையிலிருந்து மூழ்குமிடந் தெரிதல்

பாரிவாக்கத்து ஏரிக்கரையில் நின்று ஆழ்கடலைப்பற்றி ஆராய்வது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், விடுமுறைதோறும் கடலாடச் செல்லும் இளைஞர் நம்முட் பலராதலின், இவ்வாராய்ச்சி வேண்டற்பாலதே.

1943-ஆம் ஆண்டில் கூஸ்தோ, காஞான் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர், முதுகிற் சுமக்குங் கலத்தினின்று வேண்டுமளவே மூச்சுக்காற்றை அளிக்குங் கருவியை அமைத்தனர். அதனைப் பூண்டு, படகின்றிக் கரையினின்றே மூழ்குவதற்குரிய இடத்திற்கு நான்கு இலக்கணங் கூறுவோம்: கரையருகே பாறையேனும் பவளப்பாரேனும் இருத்தல், நீர் தெளிந்திருத்தல், அலையும் நீரோட்டமும் அடங்கியிருத்தல், மீண்டு கரையேறுதல் எளிதாதல்.

சென்னைக் கரை இவற்றுட் பெரும்பாலனவற்றிற் குறைவுடையது. அடியெங்கும் மணல், ஓயாத அலை, வடகிழக்குப் பருவத்திற் கூவமும் அடையாறுங் கொணருஞ் சேறு. அலைநீர் திரண்டு கடல்நோக்கி இழுக்குமிடத்தில் நீச்சலில் வல்லாரும் மாண்டதுண்டு.

மண்டபத்தின் நிலை வேறு. வடபாற் பாக்கு விரிகுடா. தென்பால் மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் அடங்கும். வடகிழக்குக் காற்றில் இது மாறும். வடகரையை ஒட்டி ஆழமற்ற பவளப்பார் கிடக்கின்றது. தென்கடலின் 21 தீவுகளோ 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே இசைவின்றிப் புகலாகாது.

ஆகவே, இடத்தோடு காலத்தையும் ஆராய்க. பயின்ற ஆசிரியரிடம் கற்ற பின்னரே மூழ்குக. இறங்குமுன் நெடுநேரம் அலையை நோக்குக, அவ்வூர்ப் பரதவரை வினவுக, துணையின்றிச் செல்லற்க. ஐயம் எழுமாயின், அன்று மூழ்காது மீள்வதில் இழுக்கொன்றுமில்லை.