வெள்ளிக் கலத்திற் சுத்தியற் சுவடு

வெள்ளிக் கிண்ணமொன்றைக் கையிலெடுத்து வெளிச்சத்திற் பிடித்து நோக்குவோமாயின், அதன் மேற்புறத்தில் மீன்செதில் போன்ற சிறு குழிவுகளைச் சிலவேளை காண்கின்றோம். அவை அழகோ, குறையோ என ஆராய்வதே எமது நோக்கமாகும்.

கலம் உருவாகும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். தனிவெள்ளி மிக மென்மையானது. ஆதலின் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியும் எஞ்சியது பெரும்பாலும் செம்புமாகிய கலப்பினையே ஆங்கிலக் கம்மியர் கையாள்வர். வட்டத் தகட்டினை இரும்புத் தாங்கியின்மேற் சாய்த்து வைத்து, சுற்றுச் சுற்றாக அடித்து விளிம்பை எழுப்புவர். அடிபட அடிபட வெள்ளி வன்மையடையும். பின்னும் அடிப்பின் வெடிக்கும். ஆகவே, மங்கிய செந்நிறந் தோன்றுமளவும் இடையிடையே தீயிற் காய்ச்சி இளக்குவர். ஈற்றில், மெருகிட்ட முகமுடைய சுத்தியலால் மெல்லத் தட்டி மேற்புறத்தைச் செம்மை செய்வர். முற்கூறிய குழிவுகள் இவ்விறுதித் தட்டலின் சுவடுகளே. நம் நாட்டுத் தட்டாரும் தட்டுந் தொழிலாலன்றோ அப்பெயர் பெற்றனர்!

இச்சுவடுகளைத் தேய்த்து மறைத்தலே திறமையெனப் பழைய கம்மியர் பலர் கொண்டனர். சி. ஆர். அஷ்பி என்பார் 1888இற் கிழக்கு இலண்டனில் நிறுவிய கைத்தொழிற் கழகமோ அவற்றை மறையாது விட்டது. செய்தவன் கை செய்பொருளில் விளங்குதல் வேண்டுமென்பது அவர்தங் கொள்கை. 1902இற் கழகம் சிப்பிங் காம்டன் என்னுஞ் சிற்றூருக்குப் பெயர்ந்தது. ஆயின், தொழிற்சாலைகள் அச்சில் அழுத்திய மலிவுக் கலங்களிலுஞ் சுத்தியற் குறியிட்டு விற்கத் தலைப்பட்டன. அப்போட்டியும் பிற இடர்களும் நெருக்கவே, 1908இற் கழகம் கலைந்தது. எனினும், கம்மியருள் ஒருவராகிய ஜோர்ஜ் ஹார்ட்டின் வழியினர் அவ்வூரிலேயே தலைமுறை தலைமுறையாக அத்தொழிலைப் பேணினர்.

கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் அயலூராகிய புரோட் காம்டனில் வாழ்ந்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை 1908இல் அங்கேயே அச்சிட்டு முடித்தார்கள். இந்தியக் கம்மியனைப் பற்றி 1909இல் அவர்கள் வெளியிட்ட நூலுக்கு முன்னுரை வரைந்தவர் அஷ்பியே. கண்டிக் கம்மியரின் மாண்பும் ஆங்கிலக் கம்மியரின் வேட்கையும் இவ்வாறு ஓரிடத்திற் சந்தித்தன.

இனி, எம் வினாவிற்கு விடை காண்போம். சுவடு தன்னளவில் அழகுமன்று, குறையுமன்று. உழைப்பிற் பிறந்த சுவடு வாய்மை. உழைப்பின்றி மேலே ஒட்டிய சுவடு பொய்மை. கைவேலையிற் குழிவுகள் கலத்தின் வளைவைத் தொடர்ந்து சென்று, ஒன்றுபோல் ஒன்று அமையா. ஒரே கோலம் மாறாது திரும்பத் திரும்ப வருமாயின் அஃது அச்சின் வேலையெனத் துணியலாம்.

மாணவர்காள்! கல்வியும் இத்தகையதே. பிறர் விடையை மனனஞ் செய்து ஒப்புவித்தல் அச்சிட்ட குறி. தாமே முயன்று, பிழைத்து, திருத்திப் பெற்ற அறிவு சுத்தியற் சுவடு. நம் கல்லூரி நம்மில் இட்ட சுவடு எவ்வகையினதென்பதை நம் வாழ்க்கையே காட்டுதல் வேண்டும்.