கனமான சுவர் உறுதியான சுவரா? மலைச்சரிவில் வீடு கட்டுவோர் கவனத்திற்கு

ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த ஆண்டில் வீட்டு வேலையைத் தொடங்குவது போடிநாயக்கனூர் வட்டாரத்தில் வழக்கம். கல் கிடைக்கும் ஊர் ஆதலால் பலரும் கல் சுவரே எழுப்புகின்றனர். சுவர் இரண்டடி கனம் இருந்தால் "கோட்டை மாதிரி" என்று சொல்லிப் பெருமைப்படுவதும் உண்டு. பயிரைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் சுவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். ஒரு பட்டம் பொய்த்தால் மறு பட்டம் உண்டு. வீட்டை நம்மில் பெரும்பாலோர் ஆயுளில் ஒரு முறைதான் கட்டுகிறோம்.

நம் மலை நடுங்குமா?

நடுங்கியிருக்கிறது. போடிமெட்டைத் தாண்டி பூப்பாறை, உடும்பன்சோலை வழியாகச் சென்றால் வரும் நெடுங்கண்டம் பகுதியில் 1988 ஜூன் மாதத்தில் 4.5 அளவுள்ள நில நடுக்கம் ஏற்பட்டது. 2000 டிசம்பர் 12 அன்று மலையின் மேற்குச் சரிவில், ஈராட்டுப்பேட்டைப் பக்கம் 5.0 அளவிலும், 2001 ஜனவரி 7 அன்று 4.8 அளவிலும் நிலம் அதிர்ந்து பல வீடுகளின் சுவர்கள் வெடித்தன. இன்னும் பின்னோக்கினால், 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நடுக்கம் வந்தது.

நாளைக்கே பெரிய நடுக்கம் வரும் என்று அச்சுறுத்துவது நமது நோக்கம் அன்று. ஆனால் "கெட்டிப் பாறை மேல் இருக்கிறோம், நமக்கு எதுவும் வராது" என்ற எண்ணம் மட்டும் கூடாது. மராட்டிய மாநிலம் லாத்தூர் மாவட்டத்தில் உள்ள கில்லாரிப் பகுதியும் அவ்வாறே கருதப்பட்டு, அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள மண்டலத்தில்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன்னர் அங்கே 6.2 அளவில் நிலம் நடுங்கியது. ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் உழவர் குடும்பத்தினர், தம் வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் அடியில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள். அந்தச் சுவர்களும் மெலிந்தவை அல்ல. இரண்டடிக்கு மேற்பட்ட கனமுள்ள கல் சுவர்கள்.

கனமான சுவர் ஏன் விழுகிறது?

மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய கல் சுவர் ஒன்றைப் பிரிக்கும்போது கவனித்துப் பாருங்கள். அது ஒரு சுவர் அன்று, இரண்டு சுவர். வெளிப்பக்கம் ஒரு கல் வரிசை, உட்பக்கம் ஒரு கல் வரிசை, நடுவில் பொடிக்கல்லும் மண்ணும். மேலிருந்து வரும் பாரத்தை இது தாங்கும். பக்கவாட்டில் குலுக்கினாலோ நடுவிலுள்ள பொடி கீழே இறங்கி, இரு முகங்களையும் வெளியே தள்ளும். மழைக்குப் பின் தோட்டத்துக் கல் கட்டு வயிறு தள்ளி நிற்கிறதே, அதே நிலைதான். பிறகு ஒரு முகம் சரிய, கூரை உள்ளே இறங்குகிறது. சுவர் கனக்கக் கனக்க, அதைக் குலுக்கும் விசையும் கூடும். ஆதலால் கல் சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனக்கத் தேவையில்லை.

இதற்கு மருந்து நீளக்கல். சுவரின் ஒரு முகத்திலிருந்து மறு முகம் வரை எட்டும் கல்லை, உயரத்தில் இரண்டடிக்கு ஒரு வரிசையாகவும், வரிசையில் நான்கடிக்கு ஒன்றாகவும் வைக்க வேண்டும். அத்தனை நீளக் கல் கிடைக்காவிடில், சுவர்க் கனத்தில் முக்கால் பங்கு நீளமுள்ள இரு கற்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, எதிரெதிர் முகத்திலிருந்து செருகலாம். உருண்டைக் கல்லை அப்படியே வைக்காமல் உடைத்து முகம் தட்டிய பின்னரே வைக்கவும். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் போதுமானது. நீளக்கல் வைக்க மனமில்லாதவர், ஒழுங்காகக் கட்டிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவரோடு நின்றுகொள்வதே மேல் என்பது என் கருத்து.

அடுத்தது பெல்ட். கதிர்க் கட்டைப் பிரி சுற்றிக் கட்டுவது போல, கதவு, சன்னல் தலை மட்டத்தில் எல்லாச் சுவர்களையும் சுற்றி ஒரே தொடராகக் கான்கிரீட் பெல்ட் ஓட வேண்டும். கதவுக்கு மேல் தனி லிண்டல், சன்னலுக்கு மேல் தனி லிண்டல் என்று துண்டு துண்டாகப் போட்டால் இந்தப் பயன் கிடைக்காது. பெல்ட் மூன்று அங்குல உயரம், 8 எம்.எம். கம்பி இரண்டு, 6 அங்குலத்துக்கு ஒன்றாக 6 எம்.எம். குறுக்குக் கம்பி. மூலையில் கம்பியை வெட்டி நிறுத்தாமல், வளைத்து அடுத்த சுவருக்குள் கொண்டு செல்லச் சொல்லுங்கள். கொத்தனார் அவசரப்படும் இடம் அதுதான்.

செலவு என்ன? 20 அடிக்கு 12 அடி அளவில், நடுச்சுவர் ஒன்றுடன் 14 அங்குலக் கல் சுவர் வீடு என்று கொள்வோம். கணக்கிட்டால் கம்பி 35 கிலோவுக்குள்ளும், சிமெண்டு நான்கு மூட்டை அளவிலும் அடங்கும். இதை மிச்சம் பிடித்து முன்வாசலுக்கு டைல்ஸ் ஒட்டுவோரும் இருக்கிறார்கள்!

சரிவில் இடம் தேர்தல்

சரிவை வெட்டி, அந்த மண்ணையே முன்பக்கம் கொட்டிச் சமன் செய்வது வழக்கம். வீட்டின் ஒரு பாதி வெட்டிய கெட்டி நிலத்திலும் மறு பாதி கொட்டிய மண்ணிலும் நின்றால், நடுக்கம் வராமலேகூட இரண்டும் சேருமிடத்தில் சுவர் வெடிக்கும். வீடு முழுவதும் வெட்டிய பகுதியில் அமையட்டும். கொட்டிய மண் காய் உலர்த்தும் களமாக இருக்கட்டும். வெட்டிய மண் கரை வீட்டுச் சுவரில் சாயக்கூடாது. இடையே நடைவழி விட்டு, கரையின் மேற்புறம் வாய்க்கால் எடுத்து மழைநீரைத் திருப்பிவிடவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சரிவு சிறு அதிர்வுக்கும் நழுவக்கூடும்.

பழைய வீடு உள்ளவர்கள்

இடித்துக் கட்ட வேண்டும் என்பதில்லை. லாத்தூர் நடுக்கத்திற்குப் பின்னர் பரிந்துரைக்கப்பட்ட முறை ஒன்று உண்டு. சுவரில் ஏறத்தாழ மூன்றடிக்கு ஒரு கல்லாக, பக்கத்துக் கல்லை அசைக்காமல் மெல்ல எடுத்து, மறு முகம் வரை துளை செய்ய வேண்டும். அதில் இரு முனையும் கொக்கியாக வளைத்த 8 எம்.எம். கம்பியை வைத்துக் கான்கிரீட்டால் நிரப்பினால் அதுவே நீளக்கல் ஆகிறது. ஒரு துளை முடிந்து இறுகிய பின்பே பக்கத்துத் துளையைத் தொடவும். பத்து நாளாவது தண்ணீர் தெளிக்கவும். சுவர் ஏற்கெனவே வயிறு தள்ளியிருந்தால் இம்முறை உதவாது. அந்தப் பகுதியைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். அதுவரை கட்டிலை அந்தச் சுவரோரம் போடாதீர்கள். பரணில் மூட்டை ஏற்றவும் வேண்டாம்.