300 பின்கோடா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு ஓட்டு!

ஆடித் தள்ளுபடி முடிஞ்சுது, பாய் ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. 300 முகவரிக்கும் கூரியர் போகுமா, என்ன கட்டணம்னு பின்கோடைக் கொடுத்து கூரியர்காரங்க சர்வர்கிட்ட கேக்கணும். நீ எழுதின பைத்தான் ஸ்கிரிப்ட் ஒண்ணைக் கேக்குது, பதில் வர்ற வரைக்கும் வாயைப் பாத்துக்கிட்டு நிக்குது, அப்புறம் அடுத்ததைக் கேக்குது. பதிலுக்கு ஒரு விநாடின்னாலும் 5 நிமிஷம் போச்சு. பொறுமை இல்லாம 300 த்ரெட்டை ஒண்ணா அவுத்து விடப் போற, அப்படித்தானே?

நில்லு. நானும் அதைச் செஞ்சவதான். ஒரு நாள் பூரா அந்தப் பக்கத்து சர்வர் என்னை வாசல்லயே நிறுத்தி வச்சிருச்சு. தப்பு என்னோடதுதான். கோரைப் பாய் நெய்யுற பத்தமடையில பிறந்தவளுக்கு இது முதல்லயே புரிஞ்சிருக்கணும். உனக்காவது புரியட்டும்.

1. கேக்க வேண்டாததைக் கேக்காத.
300 ஆர்டர்ல எத்தனை பின்கோடு திரும்பத் திரும்ப வருதுன்னு பாத்தியா? ஒரு செட்ல போட்டு வடிகட்டு, பாதி வேலை அங்கேயே குறையலாம். நேத்து கேட்ட பதிலை ஃபைல்ல சேத்து வை. 100 பின்கோடை ஒரே கோரிக்கையில அனுப்புற வசதி அவங்க ஏபிஐல இருக்கான்னும் தேடு. இருந்தா த்ரெட்டே வேண்டாம், போய்ச் சோறு சாப்பிடு.

2. இது ஊறலா, நெசவா?
நம்ம ஊர்ல கோரையை ஆத்துத் தண்ணியில நாள்கணக்குல ஊறப் போடுவாங்க. ஒரு கட்டு ஊறி முடியுற வரைக்கும் தாமிரபரணிக் கரையில உக்காந்திருந்துட்டா அடுத்த கட்டைப் போடுறாங்க? எல்லாக் கட்டும் சேந்துதான் ஊறும். சர்வர் பதிலுக்குக் காத்திருக்கிறதும் ஊறல் வேலை. அதுக்குத்தான் த்ரெட்.

நெசவு வேற. பாவுல எத்தனை நூல் இருந்தாலும் கோரை ஒவ்வொண்ணாத்தான் குறுக்கே போகும். வழக்கமான பைத்தான்லயும் ஜிஐஎல்னு ஒரு பூட்டு உண்டு. ஒரு நேரத்துல ஒரு த்ரெட்தான் பைத்தான் கோடை ஓட்டும், பதிலுக்குக் காத்திருக்கிறப்போ பூட்டை அடுத்த த்ரெட்டுக்கு விட்டுக் கொடுக்கும். அதனால கனமான கணக்குப் போடுற வேலையை த்ரெட்ல போட்டுட்டு "வேகமே கூடலயேக்கா"ன்னு வந்து நிக்காத. அதுக்குத் தனித்தனி ப்ராசஸ் வை.

3. ஆள் எத்தனைன்னு நீயே எழுது.
த்ரெட்டை ஒவ்வொண்ணா நீயே உண்டாக்கி மல்லுக்கட்டாத. பைத்தான் 3.2 வந்த 2011லயே த்ரெட்பூல் எக்ஸிக்யூட்டர் வந்தாச்சு. 10 ஆளை வச்சா, ஒருத்தர் கை காலியானதும் அடுத்த பின்கோடை எடுத்துக்குவாங்க. 5 நிமிஷ வேலை அரை நிமிஷத்துக்குப் பக்கத்துல முடியும். எண்ணைச் சொல்லாம விட்டா, 3.8ல இருந்து ப்ராசஸர் எண்ணிக்கையோட 4 கூட்டி, 32க்கு மேல போகாம அதுவே வச்சுக்கும். அது உன் கம்ப்யூட்டரைப் பாத்துப் போட்ட கணக்கு, எதிர்ப்பக்கத்து சர்வரைப் பாத்து இல்ல. 5ல ஆரம்பி. தாங்குனா 10. எச்டிடிபி 1.1ல உன் குரோம் ப்ரவுசரே ஒரு சர்வருக்கு 6 இணைப்புக்கு மேல திறக்காது. ஆரம்பத்துலயே அதைத் தாண்ட நீ என்ன அவ்வளவு அவசரக்காரியா?

4. மடையைத் திறக்கவும் தெரியணும், மூடவும் தெரியணும்.
நம்ம ஊர்ப் பேர்லயே மடை இருக்கு. கன்னடியன் கால்வாய்த் தண்ணிய நீ ஒருத்தியே மொத்தமா இழுத்தா கடைமடைக்காரன் வயல் காயும். சர்வரும் அப்படித்தான், உன்னை மாதிரி எத்தனையோ பேர் அதுகிட்ட கேட்டுக்கிட்டிருக்காங்க. 429ன்னு பதில் வந்தா "ரொம்பக் கேட்டுட்ட, பொறு"ன்னு அர்த்தம். கூடவே ரிட்ரை ஆஃப்டர்னு எத்தனை விநாடின்னு சொல்லியிருந்தா அவ்வளவு நேரம் பொறு. சொல்லலைன்னா 1, 2, 4, 8 விநாடின்னு இடைவெளிய இரட்டிச்சுக்கிட்டே போ. அதோட கொஞ்சம் முன்பின்னா கலைச்சு விடு. இல்லாட்டி 10 த்ரெட்டும் ஒரே விநாடியில எந்திரிச்சு மறுபடியும் கதவை இடிக்கும். 5 தடவைக்கு மேல முட்டாத.

5. டைம்அவுட் போடாம ஒரு வரிகூட எழுதாத.
ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரிகிட்ட நீ சொல்லலைன்னா அது டைம்அவுட்டே வச்சுக்காது, பதில் வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கும். 10 பேர்ல 10 பேரும் அப்படி மாட்டிக்கிட்டா ஸ்கிரிப்ட் உசிரோட இருக்கும், வேலை நடக்காது. இணைப்புக்கு 3 விநாடி, பதிலுக்கு 10 விநாடின்னு ஆரம்பிச்சுப் பாரு.

6. ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டாத.
கோரிக்கைக்குக் கோரிக்கை புது இணைப்பு போட்டா, பேசுறதைவிடக் கும்பிடு போடுறதுக்கே நேரம் போயிரும். செஷன் வச்சுக்க, திறந்த இணைப்பையே திரும்பப் பயன்படுத்தும். ஆனா ஒரே செஷனை எல்லா த்ரெட்டுக்கும் பொதுவா வைக்காத, ஆளுக்கு ஒண்ணு கொடு. ஒரே சீப்பை வீடே பங்கு போட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?

7. தப்பை முழுங்க விடாத.
பூல்ல கொடுத்த வேலை உடைஞ்சா உடனே கத்தாது. நீ ரிசல்ட்டைக் கேக்கும்போதுதான் சொல்லும். கேக்காம விட்டா 300ல 40 காணாமப் போனதுகூடத் தெரியாம "முடிஞ்சுது"ன்னு சிரிச்சுக்கிட்டிருப்ப. எந்த வேலை எந்தப் பின்கோடுக்குன்னு ஒரு டிக்‌ஷனரியில குறிச்சு வை. ஆஸ் கம்ப்ளீட்டட் வழியா முடிய முடிய வாங்கு. தோத்ததைத் தனிப் பட்டியல்ல எழுதினா, அதை மட்டும் திரும்ப ஓட்டலாம்.

8. எல்லாரும் ஒரே நோட்டுல எழுதாதீங்க.
10 த்ரெட்டும் ஒரே சிஎஸ்வி ஃபைல்ல எழுதினா வரி மேல வரி விழும். ஒவ்வொருத்தரும் பதிலை மட்டும் கொண்டுவந்து கொடுக்கட்டும், எழுதுறது மெயின் த்ரெட் ஒருத்தர்தான். கல்யாண வீட்டுல மொய் எழுத ஒரே ஆளை உக்கார வைக்கிறது எதுக்குன்னு நினைச்ச?

9. விசாரிக்கிறது வேற, புக் பண்றது வேற.
இதுலதான் காசு போகும், நல்லா கேட்டுக்க. "கூரியர் போகுமா?"ன்னு நாலு தடவை கேட்டாலும் குடி முழுகாது. "இந்தப் பாயை எடுத்துக்க வாங்க"ன்னு புக் பண்ற கோரிக்கைய டைம்அவுட் ஆச்சுன்னு மறுபடி அனுப்பிராத. பதில்தான் உனக்கு வரலை. புக்கிங் அங்க பதிவாகி இருக்கலாம். ஒரே பாய்க்கு ரெண்டு வண்டி வந்து நிக்கும், ரெண்டு கட்டணமும் உன் தலையில. ஆர்டர் எண்ணை வச்சு முதல்ல விசாரி, இல்லைன்னு உறுதியான பிறகு அனுப்பு. ஒரே சாவியோட வந்த கோரிக்கைய ஒரு தடவை மட்டும் ஏத்துக்கிற வசதி சில ஏபிஐல உண்டு. இருந்தா அதை விடாத.

நேரமே இல்லைங்கிறவங்களுக்கு: வடிகட்டு, 5 ஆள் வை, டைம்அவுட் போடு, 429க்குப் பொறு, தோத்ததை எழுதி வை. மீதியை ராத்திரி படி.

கடைசியா ஒண்ணு. 300ஐயும் ஓட்டுறதுக்கு முன்னாடி 3 பின்கோடை மட்டும் விட்டுப் பாரு. அதுல ஒண்ணு வேணும்னே தப்பான எண்ணா இருக்கட்டும். தோத்த பட்டியல்ல அது வந்து விழுந்தா மீதியைத் தொடலாம். பாயை ஒரு தடவை விரிச்சுப் பாக்காம சுருட்டிக் கட்டி யாருக்காவது அனுப்பியிருக்கியா?